நோயாளியைக் கூண்டிலிருந்து இறக்குங்கள்

மைக்ரேன் என்று வாய்திறந்து சொன்னதுமே விசாரணை தொடங்கிவிடுகிறது. காலையில் சாப்பிட்டாயா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய், போனை எவ்வளவு நேரம் பார்த்தாய், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கிளம்பிவிட்டாயா, வெயிலில் அலைந்தாயா, எதையாவது மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாயா? கேட்கிறவர்கள் நம்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அம்மா கேட்பார், மாமியார் கேட்பார், ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். மருத்துவர்களிலும் பலர் இதையே கேட்டு, "டென்ஷனைக் குறைச்சுக்குங்கம்மா" என்று சொல்லி, வலி மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். வார இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறது. சாக்லேட், சீஸ், காபி, ஊறுகாய், அஜினமோட்டோ. இவற்றை ஒதுக்கினால் ஒற்றைத் தலைவலி ஒதுங்கிவிடுமாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே தீர்ப்பு. நோய் உன் பழக்கத்தால் வருகிறது. பழக்கத்தைத் திருத்திக்கொண்டால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் நீ இன்னும் சரியாகத் திருந்தவில்லை. கல்லூரி நாள்களிலிருந்து ஆராவோடு கூடிய மைக்ரேனோடு வாழ்கிறவள் நான். இந்த நோயைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். இந்தத் தீர்ப்பு தவறு. நோய் கொடுக்கும் துன்பத்தின் மேல் குற்றவுணர்ச்சி என்ற இன்னொரு துன்பத்தை அது ஏற்றிவைக்கிறது. அதைவிட மோசம், கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது.

ஆரா என்றால் என்னவென்று தெரியாமல்தான் பாதித் தீர்ப்புகள் சொல்லப்படுகின்றன. மைக்ரேன் உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஆரா வருகிறவர்கள். எனக்கு அது பெரும்பாலும் விடைத்தாள் திருத்தும்போது வரும். மாணவி எழுதிய 'சிலப்பதிகாரம்' என்ற சொல்லின் நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போகும். கண்ணைக் கசக்கினாலும் திரும்ப வராது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், திறந்திருக்கும் கண்ணிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. சில நிமிடங்களில் ஓட்டையின் விளிம்பில் ஒளி பிறக்கும். ரம்பப் பல்லைப் போல நெளிந்து நெளிந்து, கறுப்பும் வெளுப்புமாகத் துடித்துக்கொண்டு, பிறை வடிவத்தில் வெளிப்பக்கமாக விரியும். அதன் உட்பக்கம் இருட்டாகக்கூட இருக்காது. அங்கே எதுவுமே இருக்காது. எதிரே நிற்கிற பிள்ளையின் முகத்தில் இடது பாதி இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் நெளி ஓடிக்கொண்டேயிருக்கும். இருபது நிமிடம், அரை மணி நேரம். சில தடவை விரல்நுனியில் மதமதப்பு தொடங்கி, கை வழியாக ஏறி, உதட்டோரம் வரும். பேச வாயெடுத்தால் வேண்டிய சொல் கிடைக்காது. டஸ்டர் கேட்க நினைத்துச் சாவி கேட்டிருக்கிறேன். இதெல்லாம் வடிந்த பிறகுதான் வலி.

1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் கண்ணுக்குத் தெரிந்த ஆராவைக் கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டார். புகழ்பெற்ற வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் மகன் அவர். தந்தைக்கும் அதே காட்சி உண்டு. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைத்திருந்த அதே பிறை, அதே நெளி, அதே திசையில் விரிவு. அவர் குளிர் நாட்டில் வாழ்ந்த ஆண். மின்விளக்கும் செல்போனும் வீட்டுக்கு வராத காலம். நான் தாமிரபரணிக் கரையில் இட்லி சாப்பிட்டு வளர்ந்தவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக எந்தப் பழக்கத்தைக் காட்டுவீர்கள்? பொதுவாக இருப்பது மனித மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதிதான்.

அந்தப் பகுதியில் நடப்பது என்ன என்பதும் இன்று மர்மம் இல்லை. 1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் ஆரா விரியும் வேகத்தை நிமிடம் நிமிடமாகக் குறித்துக்கொண்டு, மூளையின் மேல்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர வேண்டும் என்று கணக்கிட்டார். 1944இல், ஹார்வர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரேசில் நாட்டு அறிஞர் அரிஸ்டிடெஸ் லியோ, முயலின் மூளைப் புறணியில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். நரம்புச் செல்களின் இயக்கம் ஓரிடத்தில் அடங்குகிறது. அந்த அடக்கம் ஏறத்தாழ அதே நத்தை வேகத்தில் அக்கம்பக்கத்துக்குப் பரவுகிறது. இருவர் கண்டதும் ஒன்றே என்று பிறகு இணைத்துப் பார்த்தார்கள். 2001இல், ஆரா நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த மூளை ஸ்கேனில் அந்த அலை மனிதரிடமும் பதிவானது. முதலில் செல்கள் வெறித்தனமாக வேலை செய்கின்றன, அதனால் ஒளி நெளி. பின்னாலேயே அவை ஓய்ந்து போகின்றன, அதனால் ஓட்டை. நான் பார்க்கும் பிறை என் மூளைப் பரப்பில் அலை எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதன் வரைபடம்.

இந்த அலை எழும்பும் தன்மை பெருமளவு பிறவியிலேயே வருவது. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஒருவருக்கு மைக்ரேன் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபுக்கு உண்டு. ஆராவோடு ஒரு பக்கக் கை கால் வலுவிழக்கும் அபூர்வ வகை ஒன்று குடும்பம் குடும்பமாக வரும். அதற்கான முதல் மரபணுவை 1996இல் கண்டுபிடித்தார்கள். நரம்புச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழியைக் கட்டும் மரபணு அது. 2022இல் வந்த பெரிய ஆய்வு, மைக்ரேன் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 123 இடங்களை அடையாளம் காட்டியது. ராத்திரி சீரியல் பார்த்ததால் இந்த 123 இடங்கள் உருவாகவில்லை.

"சரிம்மா, பிறவியில் வந்ததாகவே இருக்கட்டும், ஆனால் தூண்டுவது எதுவோ அதைத் தவிர்க்கலாமே?" என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். ஆகவே இதோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

டென்மார்க்கில் ஆய்வாளர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். கடும் வெளிச்சமோ கடும் உடற்பயிற்சியோ தங்களுக்கு ஆராவைக் கிளப்புகிறது என்று உறுதியாகச் சொன்ன 27 பேரை அழைத்தார்கள். அவரவர் சொன்ன தூண்டுதலை அவரவர்க்கே கொடுத்தார்கள். மின்னும் வெளிச்சத்தின் முன் உட்கார வைத்தார்கள், மூச்சு வாங்க ஓட வைத்தார்கள். ஆராவோடு மைக்ரேன் வந்தது 3 பேருக்கு. இன்னும் 3 பேருக்கு ஆரா இல்லாத மைக்ரேன். மீதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லை. 2013இல் வெளியான ஆய்வு இது. சாக்லேட்டுக்கும் இதே கதி. 1997இல் அமெரிக்காவில் 63 பெண்களுக்கு, எது எதென்று சொல்லாமல், சாக்லேட்டையும், கோகோவுக்குப் பதில் கேரப் பொடி சேர்த்து அதே ருசியில் செய்த மிட்டாயையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்லேட்டால் தலைவலி கூடவில்லை.

அப்படியானால் இத்தனை பேர் சாக்லேட்டையும் செல்போனையும் குற்றம் சாட்டுவது ஏன்? நோயாளிகள் பொய் சொல்வதில்லை. காரணமும் விளைவும் இடம் மாறித் தெரிகின்றன. மைக்ரேன் வலியோடு தொடங்குவதில்லை. அதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, மூளையில் தொடங்கிவிடுகிறது. காரணமில்லாத அசதி, ஓயாத கொட்டாவி, பிடரி இறுக்கம், கவனம் சிதறல், இனிப்பின் மேல் திடீர் ஆசை, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட முன்னறிகுறிகள் உள்ளவர்களிடம் மின்னணு நாட்குறிப்பைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். தலைவலி வரப்போகிறது என்று அவர்கள் முன்கூட்டிக் கணித்ததில் 72 சதவீதம் பலித்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நோயாளி ஒரு மாதம் முழுக்க நாள்தோறும் ஸ்கேன் எந்திரத்தில் படுத்தார். வலி தொடங்குவதற்கு முந்தின நாளே அவருடைய ஹைப்போதலாமஸின் இயக்கம் மாறியிருந்தது. பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் ஆளும் பகுதி அது.

இப்போது அந்த விசாரணைக் கேள்விகளைத் திரும்பிப் பாருங்கள். நோய் தொடங்கிவிட்டதால் இனிப்பு கேட்கிறது. இனிப்பு தின்றதால் நோய் வந்தது என்கிறோம். நோய் தொடங்கிவிட்டதால் திரையின் வெளிச்சம் குத்துகிறது. திரை பார்த்ததால் வந்தது என்கிறோம். பிடரி இறுகுவதைத் தலையணையின் மேல் போடுகிறோம். மனம் சட்டென்று சிடுசிடுப்பதைக் கணவன் மனைவிச் சண்டையின் மேல் போடுகிறோம். நோயின் முதல் அறிகுறிகளையே எடுத்து நோயாளியின் குற்றப்பத்திரிகையாக எழுதிவிடுகிறோம்.

தூண்டுதல்களே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. பட்டினி, தூக்கக் குறைவு, தூக்க மிகுதி, மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்குவது இவையெல்லாம் பலரைக் கிளப்பிவிடுகின்றன. நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் ஈரத்தலைகூட வெறும் நம்பிக்கை இல்லை. மும்பை மருத்துவர் ரவிசங்கர், தலைக்குக் குளித்தபின் மைக்ரேன் வருவதாகச் சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். மேல்நாட்டுப் பட்டியல்களில் இல்லாத ஒன்றை நம் பெண்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால் என் வீட்டிலேயே என்னோடு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூடத்தில் உட்காரும் மற்றப் பெண்களுக்கு ஒன்றும் வருவதில்லையே. வெளியே இருந்து வரும் எதுவும், உள்ளே அலை எழும்பத் தயாராக இருக்கிற மூளையைத்தான் தொடுகிறது. அந்தத் தயார்நிலை நாளுக்கு நாள் மாறுகிறது. அதனால்தான் அதே வெயில், அதே பட்டினி, ஒரு நாள் சும்மா போகிறது, ஒரு நாள் ஆளைச் சாய்க்கிறது.

இந்த மூளைக்குப் பிடிக்காதது மாற்றம். சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடந்தால் நல்லது என்பது உண்மைதான், நானும் கடைப்பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று எட்டு மணி வரை படுத்திருக்க மாட்டேன். கோயில் விரதம் என்றால் பாலும் பழமுமாவது எடுத்துக்கொள்வேன். இவை உதவும். உதவுவது வேறு, தடுத்துவிடும் என்று வாக்குக் கொடுப்பது வேறு. வாக்குக் கொடுத்தவர்கள், அது பொய்க்கும்போது தங்கள் வாக்கைச் சந்தேகிப்பதில்லை, என்னைச் சந்தேகிக்கிறார்கள். எல்லா ஒழுங்கோடும் இருந்த வாரத்திலும் ஆரா வந்திருக்கிறது. அப்போதும் "யோசிச்சுப் பாரு, ஏதாவது பண்ணியிருப்ப" என்றுதான் கேட்டார்கள்.

இந்தக் கேள்வி ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படிச் சுருக்குகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் காபி போகும். பிறகு வெளியூர்க் கல்யாணம். பிறகு சினிமா, மொட்டைமாடி, பிள்ளைகளோடு கடற்கரை. எதைத் தொட்டாலும் வந்துவிடுமோ என்ற பயமே அன்றாடம் ஆகிவிடும். தலைவலியோ வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். இவ்வளவையும் விட்டவர் ஒரு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்க மாட்டார். பழக்கத்தால் வரும் நோய்க்கு மருத்துவர் எதற்கு?

பழி போடும் வழக்கம் பாமரர்களிடமிருந்து மட்டும் வந்ததல்ல. நியூயார்க்கின் பெயர்பெற்ற தலைவலி ஆய்வாளர் ஹெரால்டு உல்ஃப் 1937இல் மைக்ரேன் நோயாளிகளுக்கென்று ஒரு குணவார்ப்பு இருப்பதாக எழுதினார்: முன்னேறத் துடிக்கும் வேட்கை, எதிலும் அப்பழுக்கற்ற நேர்த்தி வேண்டும் என்ற பிடிவாதம், வளைந்து கொடுக்காத மனம். அவருக்கே மைக்ரேன் உண்டு. அந்தக் கருத்து மருத்துவக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் உலவியது. இன்று நம் ஊர் மருத்துவர் "நீங்க ரொம்ப சென்சிடிவ் டைப்" என்று சொல்வதில் அதன் எச்சம் இருக்கிறது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அதனாலேயே அதை மனசின் கோளாறாக, வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்காக எடுத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது. தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பிறர் தலைவலியை அளந்து பார்க்கிறோம்.

எண்ணிக்கை குறைவு என்றும் தள்ள முடியாது. பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 65 வயதுள்ளவர்களில் ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நால்வரில் ஒருவர். பக்கத்து மாநிலத்துக் கணக்கு இது. நம் தெருவும் அவ்வளவு வேறுபட்டதாக இருக்காது. ஐம்பது வயதுக்குக் குறைந்த பெண்களை முடக்கும் நோய்களில் உலக அளவில் மைக்ரேன் முதலிடத்தில் நிற்கிறது.

இத்தனை பேரும் எங்கே போகிறார்கள்? பெரும்பகுதி, சைனஸ் என்ற பெயருக்குள் போகிறது. நெற்றி கனக்கிறது, மூக்கடைக்கிறது, தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று ஆவி பிடிக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாங்களோ மருத்துவரோ முடிவு செய்திருந்த 2,991 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. ஆரா உள்ளவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். பவரை மாற்றுகிறார்கள், பிறகு மறுபடி மாற்றுகிறார்கள்.

மீதிப் பேர் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். தெருமுனைக் கடையில், "தலைவலிக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்றால் சீட்டு கேட்காமல் ஒரு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருவார்கள். பல நேரம் அது எர்கோட்டமின், காஃபின், பாரசிட்டமால், வாந்தி மருந்து நான்கும் சேர்ந்த கலவை. எர்கோட்டமின் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. விருப்பம்போல் விழுங்கக் கூடியதல்ல. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், கலவை மாத்திரைகளையோ டிரிப்டான் என்ற மைக்ரேன் மாத்திரைகளையோ எர்கோட்டமினையோ 10 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்துவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மாதம் இரண்டு முறை வந்தது வாரம் நாலு முறை வரும். சிகிச்சைக்கு வாதாடினால் மாத்திரைக்கு அடிமையாக்குகிறாய் என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. அடிமையாக்குவது, நோய்க்குப் பெயர் சொல்லி மருத்துவம் பார்க்காமல் கடை வாசலுக்கு விரட்டும் இந்த நிலைமைதான்.

சரியான மருத்துவம் இரண்டு காலில் நிற்கிறது. வந்ததை அடக்குவது ஒன்று, வருவதைக் குறைப்பது இன்னொன்று.

அடக்குவதில் நேரம்தான் எல்லாம். ஆரா தொடங்கியதும் நான் முதலில் மணி பார்ப்பேன். பிறகு வேலையை நிறுத்தி, வெளிச்சம் குறைந்த இடத்தில் உட்காருவேன். அலை ஓடும்போது அதை நிறுத்த மாத்திரை இல்லை. டிரிப்டான் வகையில் ஒன்றான சுமாட்ரிப்டான் 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்து எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்த மருந்து. ஆனால் ஆராவின் நடுவே போட்டால் ஆரா நிற்காது, பின்னால் வரும் வலியையும் நம்பகமாகத் தடுக்காது. வலி முளைவிடும்போது போட வேண்டும். வலி முற்றிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். இன்னொன்றும் உண்டு. மைக்ரேன் தாக்கும்போது இரைப்பையின் வேகமே குறைந்துவிடும். விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் என் மருத்துவர் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையையும் சேர்த்து எழுதினார். பல ஆண்டுகளாகப் பலனே இல்லை என்று நான் நினைத்த அதே வலி மாத்திரை, அதற்குப் பிறகு வேலை செய்தது. இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்று வாங்கிப் போடக்கூடாது.

குறைப்பதற்கான மருந்துகளைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. மாதத்தில் நாலு நாளாவது படுக்க வைக்கிறது என்றாலோ, ஆரா நீண்டு பயமுறுத்துகிறது என்றாலோ, தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரோடு பேசலாம். புரோப்ரனலால் அவற்றில் மூத்தது. 1960களில் நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்தபோது அவர்களுடைய மைக்ரேனும் தணிந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் மைக்ரேன் தடுப்புக்காகவே அது இருக்கிறது, விலையும் குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கக் கலக்கம் தரும். ஃபுளூனரிசின் எடை கூட்டும், சிலருக்கு மனச்சோர்வும் தரும். டோபிரமேட்டும் வால்புரோயேட்டும் கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியவை; பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்ணிடம் இதைச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது பெரும் பிழை. எந்த மருந்தானாலும் இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலனை எடைபோட வேண்டும். தாக்குதல் பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. அடியோடு நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்த்து இரண்டாம் வாரமே மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். சிஜிஆர்பி என்ற நரம்புப் புரதத்தைத் தடுக்கும் புதிய ஊசிகள் 2018இலிருந்து வந்திருக்கின்றன. அந்தப் புரதத்துக்கும் மைக்ரேனுக்கும் உள்ள உறவை அவிழ்த்த நால்வருக்கு 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அவற்றின் விலை இன்னும் எட்டாக்கனி.

யோகாவை மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மைக்ரேனுக்கு யோகாவைச் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. யோகா செய்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அவர்கள் மருந்தும் எடுத்துக்கொண்டவர்கள்; மருந்து மட்டும் எடுத்தவர்களோடுதான் அவர்களை ஒப்பிட்டார்கள். மருந்தோடு சேர்ந்த யோகா என்பதை மருந்துக்குப் பதில் யோகா என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

நாட்குறிப்பு எழுதச் சொல்லும் ஆலோசனை நல்ல ஆலோசனை. நானும் எழுதுகிறேன். தேதி, ஆரா தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, வலி எவ்வளவு நேரத்தில் தணிந்தது, மாதவிலக்கு நாள். என்ன சாப்பிட்டேன் என்ற பத்தி என் நோட்டில் இல்லை. குற்றவாளியைத் தேடுவதற்காக நான் எழுதவில்லை. மருந்து வேலை செய்கிறதா, மாத்திரை நாட்கள் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்கவே எழுதுகிறேன். மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

பழக்கத்தைத் திருத்து என்ற பேச்சு மறைத்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. ஆரா உள்ளவர்களுக்கு இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. இளம் வயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது; இரட்டித்தாலும் சிறியதுதான், பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் புகைப்பழக்கம் சேர்ந்தால் கூடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சேர்ந்தால் கூடும். ஆரா உள்ள பெண் எந்த வயதானாலும் அந்த மாத்திரையை எடுக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அரசு இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் கிடைக்கும் மாலா-டி இரண்டும் அந்த வகைதான். காப்பர்-டியில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. மாத்திரை கேட்டு வரும் பெண்ணிடம் தலைவலி உண்டா, அதற்கு முன் கண்ணில் நெளிநெளியாக மின்னுமா என்று கேட்க அரை நிமிடம் போதும். ஆண்டுக்கணக்கில் என்னிடம் உணவைப் பற்றிக் கேட்ட எவரும் இதைக் கேட்டதில்லை.

அதேபோல, வாழ்க்கையில் முதன்முறை இப்படி வந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக விரியாமல் சட்டென்று முழுதாக வந்தாலும், ஒரு மணி நேரம் கடந்தாலும், கை கால் வலுவிழந்தாலும் அதை ஆரா என்று வீட்டிலேயே முடிவு செய்யக்கூடாது. 108க்குச் சொல்லிவிட வேண்டும். பழகிய ஆரா என்றாலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். பாதிச் சாலை தெரியாது.

ஒழுங்காக வாழ் என்ற அறிவுரை யாருக்குச் சாத்தியம் என்பதையும் கேட்க வேண்டும். எனக்கு ஓரளவு சாத்தியம். என் பள்ளியில் ஆரா வந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியை அரை மணி நேரம் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். நூலகத்தின் பின்னறையில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மாத்திரை பிடித்துக்கொண்டால் அடுத்த பீரியடுக்கே திரும்பிவிடுவேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு இரவு வேலை எப்போது என்பதை அவள் முடிவு செய்வதில்லை, சாப்பாட்டு நேரத்தை அவள் முடிவு செய்வதில்லை, தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டை அவளால் அணைக்க முடியாது. அவளிடம் போய்த் தூக்கத்தைச் சரிசெய், டென்ஷனைக் குறை என்று சொல்வதால் அவளுக்கு எந்த உதவியும் இல்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இலிருந்து இந்த மாநிலத்தில் நடக்கிறது. அந்தப் பையில் புரோப்ரனலால் அட்டைக்கும் ஓர் இடம் வேண்டும். அதை எழுதிக் கொடுக்கவும் யாருக்கு ஆகாது என்று பார்க்கவும் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். தையல் மேடையில் நூல் கண்ணிலிருந்து மறையும்போது, அவள் கூலி பிடிக்கப்படாமல் அரை மணி நேரம் எழுந்துபோக ஓர் இருட்டறை வேண்டும்.